மாமியாருக்கு விசா, கறிவேப்பிலைக்கு?

ஊரிலிருந்து வரும் என் மாமியார் பையில் ஒரு கொத்து கறிவேப்பிலை எடுத்து வரலாமா?
- டல்லாஸ் வாசகி

மாமியாரை விடுவார்கள்; கறிவேப்பிலையை விடமாட்டார்கள். அந்த இலையில் தொற்றிக்கொண்டு வரும் குட்டிப் பூச்சி ஒன்று, ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும். 2005-ல் ஃப்ளோரிடாவில் நுழைந்த அந்த நோயால் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இன்னும் தலையில் கை வைத்திருக்கிறார்கள். அங்கேயே நர்சரியில் ஒரு செடி வாங்கித் தொட்டியில் வையுங்கள். பனிக்காலத்தில் அதற்கும் வீட்டுக்குள் இடம் வேண்டும். மாமியாருக்கு அடுத்த அறை போதும்.

சிங்கப்பூரில் குருமாவுக்குக் கசகசா எங்கே கிடைக்கும்?
- புதிதாகக் குடியேறியவர்

தேக்கா மார்க்கெட்டைச் சல்லடை போட்டுச் சலிக்காதீர்கள். கசகசா அபின் செடியின் விதை. சிங்கப்பூரிலும் துபாயிலும் அதற்குத் தடை. ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு போனால், விஷயம் குருமாவோடு நிற்காது. முந்திரியை அரைத்து விடுங்கள். விலை கூடுதல்தான், வக்கீல் ஃபீஸைவிடக் குறைவு.

சீனக் கடையில் நல்லெண்ணெய் வாங்கினேன். இட்லிப் பொடியில் ஊற்றினால் நூடுல்ஸ் வாசனை!
- மெல்பர்ன் வாசகர்

அவர்கள் எள்ளை நன்றாக வறுத்துவிட்டு எண்ணெய் எடுக்கிறார்கள். நாம் வறுக்காமல் ஆட்டுகிறோம். புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுங்காப்பி நிறமென்றால் நூடுல்ஸுக்கு. தேன் நிறமென்றால் இட்லிக்கு.

டொராண்டோ குளிரில் இட்லி மாவு பொங்க மறுக்கிறதே?
- இல்லத்தரசர்

மாவு புளிக்க ஏறக்குறைய 30 டிகிரி வெப்பம் வேண்டும். ஓவனைச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் போட்டு, இரவு முழுக்க மாவை அதில் வையுங்கள். கதவில் 'உள்ளே மாவு' என்று சீட்டு ஒட்ட மறக்காதீர்கள். காலையில் யாராவது பீட்சா சுட ஓவனை முடுக்கிவிட்டால், வீட்டுக்கே ஒரே இட்லிதான்.

அயோவாவில் சிக்கரி கலந்த காப்பிப்பொடிக்கு எங்கே போவது?
- கும்பகோணத்துக்காரர்

வியட்நாமியக் கடைக்கு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தார் தலைமுறை தலைமுறையாகச் சிக்கரிக் காப்பி குடிப்பவர்கள். அவர்களுடைய 'கஃபே டு மாண்ட்' காப்பி வியட்நாமியருக்கும் பிடித்துப்போனதால், அதன் டின் அந்தக் கடையில் இருக்கும். ஃபில்டரும் டபராவும் உங்கள் பொறுப்பு.

ஒஸ்லோவில் ரம்பை கிடைக்குதில்லை. இறைச்சிக்கறி மணக்குதுமில்லை.
- யாழ்ப்பாணத்து வாசகி

தாய்லாந்துக் கடையின் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கோ. 'பாண்டான்' என்று எழுதின பொதிக்குள்ளே உங்கட ரம்பைதான் உறைஞ்சு கிடக்கும்.

இப்படி அடுத்தவர் கடையில் பொறுக்கிச் சமைத்தால் அது நம் சாம்பார் ஆகுமா?
- சந்தேகப் பிராணி

ஊரில் வைக்கும் சாம்பார் மட்டும் என்னவாம்? பெருங்காயம் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்து வருகிறது. இமாசலத்தில் பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கியதே 2020-ல்தான். மிளகாய், போர்த்துகீசியர் புண்ணியத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. துவரம்பருப்பில் ஒரு பங்கு மியான்மரிலும் மொசாம்பிக்கிலும் இருந்து கப்பலேறுகிறது. உங்களைவிட அதிகம் ஊர் சுற்றியது உங்கள் சாம்பார்.

லீவுக்கு மதுரை வந்த மறுநாளே, "பேகல் எங்கே கிடைக்கும்?" என்கிறான் என் மகன். என்ன செய்ய?
- நியூ ஜெர்சி அப்பா

கிண்டல் செய்யாமல் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுங்கள். அங்கே நீங்கள் முருங்கைக்காய்க்காக நாற்பது மைல் கார் ஓட்டியபோதெல்லாம் பின்சீட்டில் முணுமுணுக்காமல் உட்கார்ந்து வந்த பிள்ளை அவன்!