கோடு வழவழன்னு வரணும்

1987இல் என் ஆய்வேட்டுக்கு மொத்தம் 38 படங்கள். படத்துக்கு ஒரு நாள் என்று கைடு கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு படமும் வரையாதவர் போட்ட கணக்கு அது.

கிராஃப் ஷீட்டில் பென்சிலால் புள்ளி வைத்து, மேலே ட்ரேசிங் பேப்பரை விரித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, ரோட்ரிங் பேனாவை எடுக்க வேண்டும். வளைகோட்டுக்கு 0.5, அச்சுக்கு 0.3. பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரே வேகத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு இழுக்கணும். ஓரிடத்தில் தயங்கினால் மை குளம் கட்டிவிடும். வளைகோட்டுக்கு அளவுகோலாக வைக்கும் பிரெஞ்சு கர்வின் விளிம்பு காகிதத்தைத் தொட்டாலோ, மை அடியில் புகுந்து மீசை வைத்துவிடும். அதனால் கர்வுக்கு அடியில் இரண்டு ஐந்து பைசாக்களை டேப் போட்டு ஒட்டி, அதைக் கொஞ்சம் தூக்கி வைப்போம். எண்பதுகளில் ஐந்து பைசாவால் வாங்க முடிந்த உருப்படியான பொருள் அந்த இடைவெளி ஒன்றுதான்.

அப்படியும் கசியும். காயவிட்டு, பாதியாக உடைத்த பிளேடால் சுரண்டணும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து மழமழப்பாக்க மறந்தால், அடுத்து வைக்கிற மை பஞ்சில் விட்ட மாதிரி ஊறும். என் கைடு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். “தம்பி, கோடு வழவழன்னு வரணும்யா.” மறுபடி முதலிலிருந்து.

இப்போது நான் கைடு. மாணவி படத்தைக் கொண்டுவருகிறாள், வாட்ஸ்அப்பில். கோட்டின் ஓரமெல்லாம் படிக்கட்டு. படிக்கட்டைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி அழுக்கு. அந்த அழுக்கு, படத்தை அமுக்கிச் சிறிதாக்கும் ஜேபெக்கின் உபயம். படிக்கட்டு எப்படி வந்தது? அவள் வரைந்தது மேட்பிளாட்லிப்பில். மூளையின் மின்பதிவுகளைப் பார்க்க ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எழுதத் தொடங்கி, 2003இல் வெளிவந்த மென்பொருள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 6.4 அங்குல அகலம், அங்குலத்துக்கு 100 புள்ளி என்று சேமிக்கும். பெருக்கினால் 640. ஒன்பது சென்டிமீட்டர் பத்திக்கு 1000 டிபிஐ கேட்கிற ஆய்விதழுக்கு 3543 புள்ளி வேண்டும். 640ஐ இழுத்து 3543 ஆக்கினால் படிக்கட்டும் சேர்ந்துதான் வளரும்.

“இபிஎஸ்ஸா மாத்திட்டேன் சார்.” ஜேபெக்கை எடுத்து இபிஎஸ் என்ற பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். சட்டியை மாற்றினால் தீய்ந்த குழம்பு மணக்குமா? மென்பொருளிலிருந்தே பிடிஎஃப் எடு என்றேன். அதில் புள்ளிகள் இல்லை, ‘இங்கிருந்து அங்கே இழு’ என்ற கட்டளைகள்தான். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.

எடுத்தாள். 800 சதவீதம் பெரிதாக்கினோம். கோடு கத்தி மாதிரி இருந்தது. ஆனால் ஒத்ததிர்வின் உச்சியில் அழகான வளைவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூடாரம். சூத்திரத்தை 25 இடங்களில் மட்டும் கணக்கிட்டு, நேர்கோடுகளால் சேர்த்திருக்கிறாள். 1000 இடங்களில் கணக்கிடச் சொன்னேன். அரை நொடி வேலை. அடுத்த படத்தில் வண்ணப் பட்டைகளுக்கு நடுவே மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடுகள்.

இதுதான் எனக்குப் பிடித்த இடம். திரையில் கோடு வழவழப்பாகத் தெரிவதற்குக் கணினி ஒரு தந்திரம் செய்கிறது. படிக்கட்டின் மூலைகளில் சாம்பல் நிறத்தைப் பூசிக் கண்ணை ஏமாற்றுகிறது. பெயர் ஆன்ட்டி-அலியாசிங். மேட்லாப் என்ற இன்னொரு மென்பொருளிலும் 2014இன் இரண்டாம் பதிப்பிலிருந்து இது தானாகவே நடக்கிறது. பட்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓரத்தை மழுக்கும்போது, இரண்டு மழுங்கல்களுக்கு நடுவில் பின்னாலிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. நாங்கள் பாதி பிளேடு வைத்துக்கொண்டு எதைச் சுரண்டினோமோ, அந்தக் கசிவைத்தான் இது வேலை மெனக்கெட்டு உண்டாக்குகிறது. அதற்கு வழவழப்பு என்று பேர் வேறு.

பட்டைகளின் ஓரத்துக்கும் அதே வண்ணத்தைப் பூசி வெள்ளையை மறைத்தோம். ஒரு படத்துக்கு ஒரு நாள் சரியாக இருந்தது. என் கைடின் கணக்கு இந்தத் தலைமுறையில்தான் பலித்திருக்கிறது.

பெருமைக்காக என் ஆய்வேட்டை எடுத்து ஒரு படத்தை ஸ்கேன் செய்து காட்டினேன். ஐந்தே ஐந்து புள்ளி, நடுவே நதி மாதிரி வளைந்தோடும் கோடு. 800க்குப் பெரிதாக்கினாள். கர்வைத் திருப்பி வைத்த இடத்தில் ஒரு முழங்கால். பக்கத்தில் பிளேடு தழும்பு. நான்காவது புள்ளியை விட்டுக் கோடு கணிசமாகத் தள்ளிப் போயிருந்தது.

“இந்தப் புள்ளிக்கிட்ட ஏன் சார் கோடு போகல?”

கர்வ் அங்கே வளையவில்லை என்றேன்.

“ஓ,” என்றாள். “டீஃபால்ட் செட்டிங்கா சார்?”