மீட்புப் பணி

விதுரையிலிருந்து போனக்காட்டுக்கு ஏறும் சாலையில், நான்கு சக்கரமும் ஒருங்கே சுழலும் ஜீப் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சேற்றில் புதைந்த வண்டியை மீட்பது ஒரு கலை என்று உபதேசித்தார். மரத்துக்கு அகன்ற நாடாவைச் சுற்றி, வின்ச்சின் இரும்புக் கயிற்றை அதில் மாட்டி, அங்குலம் அங்குலமாக இழுத்துக் கரையேற்றிப் புகைப்படமும் எடுத்துக்கொண்டால், மீட்புப் பணி பூர்த்தியாகிவிடுமாம். சேற்றுக்கு என்ன மீட்பு என்றேன். அது தானே ஆறிக்கொள்ளும் என்றார், அடுப்பிலிருந்து இறக்கிய ரசத்தைச் சொல்வதுபோல.

குளத்துப்புழைப் பக்கத்துக் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்புகளில், மூச்சு விடுவதற்கென்றே முழங்காலை மடக்கியதுபோல் சேற்றுக்கு மேலே வளைந்து நிற்கும் வேர்களின்மீது டயர் ஏறினால், உடனே சாய்ந்து நம்மை வெட்கப்படுத்துமளவுக்கு அம்மரம் நாகரிகமற்ற ஜன்மம் அன்று. சக்கரத் தடந்தான் வாய்க்காலாகி, சதுப்பு சேமித்த நீரைச் சத்தமின்றி வடித்துவிடும்.

சரணாலயத்துள் நீரோட்டத்தை அனுமதியின்றித் திருப்புவதை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு தடுக்கிறது என்றேன். இந்தப் பக்கத்துப் பேப்பாறைச் சரணாலயம் பிறந்ததே 1983-இல், தம் ஜீப்போ 1978-ஆம் வருஷத்தது என்று நண்பர் மூப்புரிமை கோரினார்.

போனக்காட்டில் பூட்டிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கு அப்பால், லயத்துத் திண்ணையிலிருந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், வின்ச்சையே உற்றுப் பார்த்தார்.

“தம்பி, எங்க பாக்கிச் சம்பளத்தையும் இதுல மாட்டி இழுக்க முடியுமா?”