கடப்பாரையைக் கீழே வை, பேராண்டி

கல்லமேட்டு ஓடையில எலும்பு கெடச்சிருக்குன்னு நீ போன் போட்டப்ப, நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிட்டிருந்தேன். "தாத்தா, என் தொடையை விடப் பெருசு"ன்னே. பெங்களூர்ல நாற்காலியில உக்காந்து உக்காந்து தேஞ்ச தொடை உன்னது. அதை அளவுகோலா வச்சா ஆட்டு எலும்புகூட ஆனை எலும்புதான். இருந்தாலும் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா கடப்பாரையும் கையுமா நிக்கிற. பக்கத்துல யூரியா சாக்கு ஒண்ணு. எலும்பை நெம்பி எடுத்து, சாக்குல போட்டு, பைக்குல பின்னாடி கட்டி, வீட்டுல டிவிக்குக் கீழ வைக்கிறதா உத்தேசமாம்.

நல்ல யோசனை. தாராளமா செய். 7 கோடி வருஷமா மண்ணுக்குள்ள பத்திரமா கெடந்ததை ஒரே ஞாயித்துக்கிழமையில முடிச்சு வைக்க உன்னால முடியும். நான் முடிச்சு வச்சவன்தான், அதனால தைரியமாச் சொல்றேன்.

உன் வயசுல கிணறு தூர் வாரறப்ப எனக்கு ஒண்ணு கெடச்சுது. முழங்கை நீளம் இருக்கும். பெருமை தாங்கல. கிணத்துத் தண்ணியில முக்கி, தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் குளிப்பாட்டினேன். களத்துல நல்ல வெயில்ல காய வச்சேன். சாயங்காலம் விரல் நுழையற அளவு வெடிப்பு. மறுநாள் காலையில வெல்லக்கட்டியை உதுத்துப் போட்ட மாதிரி கெடக்குது. உங்க பாட்டி முறத்துல அள்ளிக் கோழிக்கூண்டு ஓரமாக் கொட்டிட்டா. அதுக்கப்புறம் கோழி முட்டை பெருசாச்சுன்னு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டினா. ஈரமண்ணுல இருந்தது திடீர்னு வெயிலைக் கண்டா வெடிக்கும்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஜியாலஜி சர்வே ஆளுங்க வந்தப்ப அவங்களுக்குக் குடை பிடிச்சு, டீ வாங்கிக் குடுத்து, அப்படியே காதுல விழுந்த படிப்பு அது.

முதல்ல, அது எலும்புதானா? போனை எடுத்து டைனோசர்னு ஸ்டேட்டஸ் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசி. 2020ல குன்னத்துல டைனோசர் முட்டை கெடச்சுதுன்னு ஊரே கெளம்பிச்சே, மறந்துட்டியா? உருண்டை உருண்டையா இருந்ததை எல்லாம் முட்டைன்னு சொல்லிக் கும்பல் கும்பலா படம் பிடிச்சாங்க. படிச்சவங்க வந்து பாத்துட்டு, முட்டையுமில்லை ஒண்ணுமில்லை, நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் கெடக்கற கடல் மண்ணு உருண்டு திரண்ட கல்லுன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஊரு பாதி ஒரு காலத்துல கடலுக்கடியில கெடந்தது பேராண்டி. நான் கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்திருக்கேனே நத்தைக் கல்லு, அது அந்தக் கடல்ல நீந்தினதுதான்.

எலும்பான்னு பாக்க வழி இருக்கு. உடைஞ்ச ஓரத்தைப் பாரு. எலும்புன்னா உள்ளே தேனடை மாதிரி சின்னச் சின்னக் கண்ணு இருக்கும். சர்வே ஆளுங்க ஒரு சில்லை எடுத்து நாக்கு நுனியில வைப்பாங்க, எலும்புன்னா பெரும்பாலும் ஒட்டிக்கும். நீயும் வச்சுப் பாரேன். ஓடையில நம்ம ஆடு 40 மேயுது, எதை எடுத்து நாக்குல வைக்கிறேன்னு மட்டும் பாத்துக்க.

இந்தக் கல்லமேட்டுலயே பெரிய கதை ஒண்ணு இருக்கு. 1980கள்ல சர்வே துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் இங்க கெடச்ச ஒரு மிருகத்தோட எலும்புகளைப் பத்தி எழுதினாங்க. முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். நீ நிமிந்து நின்னாலும் அதுக்குக் கீழதான். புருஹத்காயோசாரஸ்னு பேரு வச்சாங்க, பெருத்த உடம்புப் பல்லின்னு அர்த்தம். மொதல்ல மாமிசம் தின்னதுன்னாங்க, அப்புறம் இல்லை, தழை தின்ன நெடுங்கழுத்து ஜாதின்னாங்க. உலகத்துலயே பெரிய மிருகமா இருக்கலாம்னு ஒரு பேச்சு. சரி, அந்த எலும்பு இப்ப எங்கேன்னு கேளு. எங்கயும் இல்லை. பொலபொலன்னு உதிர்ற எலும்பு, மேல நம்ம ஊரு மழை. பத்திரமாக் கொண்டு சேக்கறதுக்குள்ள நொறுங்கிப் போச்சுன்னு 2017ல எழுதினாங்க. மிஞ்சினது படமும் வரைஞ்ச கோடும்தான். அதுக்குள்ள சிலபேர் அது எலும்பே இல்லை, கல்லாப்போன மரமா இருக்கும்னு கெளப்பி விட்டாங்க. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் படுத்திருக்கே, இந்தப் பக்கத்து மண்ணு மரத்தையும் கல்லாக்கும். சாமான் கையில இல்லேன்னா யாரு என்ன சொன்னாலும் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும். படிச்சவங்க கையிலயே அப்படின்னா, யூரியா சாக்குக் கையில எப்படின்னு நீயே கணக்குப் போட்டுக்க.

ஆனாலும் நீ கேக்க மாட்டே, உங்கப்பன் ரத்தம். அதனால எடுக்கற வித்தையைச் சொல்றேன்.

தோண்டறதுக்கு முன்னாடி எழுது. எந்த ஓடை, எந்த மண்ணடுக்கு, எவ்வளவு ஆழம், தலை எந்தத் திசை, எல்லாம் நோட்டுல வரணும். பக்கத்துல அடி ஸ்கேலை வச்சுப் படம் எடு, உன் மூஞ்சியை வச்சு இல்லை. எங்க கெடந்துதுன்னு தெரியாத எலும்பு துணி துவைக்கத்தான் ஆகும்.

அப்புறம் எலும்பைத் தோண்டாதே, எலும்பைச் சுத்தித் தோண்டு. கொத்தனார் கரண்டியும் சுண்ணாம்பு பிரஷும் போதும். மேல்பக்கம் மட்டும் தெரியட்டும். நாலு பக்கமும் பள்ளம் பறிச்சு, அடியில உள்ளுக்குள்ள கொடைஞ்சா, காளான் குடை மாதிரி ஒரு மண்மேடையில எலும்பு உக்காந்திருக்கும். இப்ப அதுக்கு மாவுக்கட்டு. கை ஒடிஞ்சா ஆஸ்பத்திரிக்கு ஓடறோமே, அதே வைத்தியந்தான், நோயாளிதான் கொஞ்சம் பழசு. நனைச்ச பேப்பரை எலும்பு மேல நாலஞ்சு மடிப்பாப் போர்த்து. இதை மறந்தேன்னா மாவு எலும்புல ஒட்டிக்கும், அப்புறம் கட்டைப் பிரிச்சா எலும்பும் சேந்து வரும். கோணிச் சாக்கைப் பட்டை பட்டையாக் கிழிச்சு வச்சுக்க. பிளாஸ்டர் மாவைத் தண்ணியில தூவு, மாவுல தண்ணியை ஊத்தாதே. தோசை மாவு பதம். பட்டையை முக்கி, பிழிஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிற மாதிரி சுத்து. நீளமான எலும்புன்னா மூங்கில் பத்தை ரெண்டு வச்சுக் கட்டு. மாவு இறுகறப்பக் கை சுடும், பயந்து அலறாதே.

இந்த மாவு கெடைக்காத காலத்துல என்ன பண்ணாங்க தெரியுமா? 1876ல அமெரிக்காவுல, மொண்டானாப் பக்கம், ஸ்டெர்ன்பெர்க்னு ஒருத்தரும் கூட்டாளிங்களும் காட்டுல எலும்பு எடுத்தாங்க. கையில இருந்த அரிசியைக் கொழையக் கொழைய வேகவச்சு, அந்தக் கஞ்சியில சாக்குத் துணியை முக்கி எலும்பைச் சுத்தினாங்களாம். காஞ்சதும் கெட்டியாயிடுச்சு. வேட்டிக்குப் போடற கஞ்சியை வெள்ளைக்காரன் டைனோசருக்குப் போட்டிருக்கான்! குடை பிடிச்சப்ப இதைக் கேட்டுட்டு வந்து உங்க பாட்டிகிட்ட சொன்னேன். "அதனாலதான் நான் வைக்கிற கஞ்சியை நீங்க குடிக்க மாட்டேங்கிறீங்களா"ன்னா.

கட்டு காஞ்சதும் காம்பை அறுத்துப் பொரட்டிப் போட்டு அடிப்பக்கமும் கட்டு. இங்கதான் உன் பைக் கனவு கலையும். கல்லாப்போன எலும்பு அதே அளவு தண்ணியை விட ரெண்டரை மடங்கு கனம். குடம் அளவு துண்டு ஒண்ணுக்கே ரெண்டு ஆள் வேணும். மாமனைக் கூப்பிடு, மச்சானைக் கூப்பிடு, டிராக்டரைக் கூப்பிடு.

வீட்டுக்குக் கொண்டாந்தா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சியா? அப்பதான் ஆரம்பமே. மணல் பரப்பின பெட்டியில படுக்க வச்சு, நெழல்ல மெதுவாக் காய விடணும். மேல்கட்டை மட்டும் அறுத்துத் தொறந்து, பல் டாக்டர் ஊசியால மண்ணை ஒரு அரிசி ஒரு அரிசியா எடுக்கணும். விரிசல் விட்ட இடத்துல பாரலாய்டு பி-72ன்னு ஒரு பிசினை அசிட்டோன்ல கரைச்சு சொட்டுச் சொட்டா ஊட்டணும். அசிட்டோன்னா உன் தங்கச்சி நகத்துச் சாயம் அழிக்கிற தண்ணிதான். ஈரம் இருக்கறப்ப ஊத்தினா வெள்ளையாப் பூத்துப் போகும். தப்பாப் போச்சுன்னா அதே தண்ணியால திரும்பக் கரைச்சு எடுக்கலாம், அதான் அதோட அருமை. தச்சன் பசையையும் குழாய் அடைக்கிற பசையையும் தடவினா அதுக்கு மன்னிப்பே கெடையாது. மூக்குல துணி கட்டிக்க, அந்தக் கல்லுத்தூசி நெஞ்சுக்கு ஆகாது. பெரிய எலும்புன்னா மாசக்கணக்காகும். உனக்கு ரெண்டு வாரம் லீவு. மிச்சத்தை உங்கம்மா கூட்டித் தள்ளிடுவா, அவளும் முறம் வச்சிருக்கா.

அதனால கெழவன் பேச்சைக் கேளு. இன்னிக்கு எலும்பு மேல ஈரமண்ணைத் தள்ளி மூடு. நாளைக்கு வி.ஏ.ஓ.கிட்ட சொல்லு, எடுத்த படத்தை ஜியாலஜி சர்வேக்கு அனுப்பு. ஸ்டேட்டஸை அழி, இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள ஊரே கடப்பாரையோட வந்துரும். சர்வே ஆளுங்க வந்து எடுக்கறப்ப நீ குடை பிடி, குடை நான் தரேன்.

அதுவரைக்கும் எலும்பு மழையில நனையாம இருக்க ஓடை ஓரத்துல நாலு முளை அடிக்கணும், மேல தார்ப்பாய் கட்டணும். விடியக்காலம் 5 மணிக்கு வந்துரு. ஐப்பசி பொறக்க இன்னும் 11 நாள்தான் இருக்கு.