மேதை ரேகை ஓடுது!

மூன்று வயதுப் பிள்ளை மேதையா, மக்கா? கவலை வேண்டாம். பத்து விரலையும் ஸ்கேனரில் வைத்தால் போதும். இந்தச் சோதனைக்கு டிஎம்ஐடி என்று பெயர். வழவழத் தாளில், கலர் கலர் படங்களோடு அறிக்கை வரும். கணக்கு மூளை இத்தனை சதவீதம், இசை மூளை இத்தனை சதவீதம். பிள்ளை டாக்டருக்குப் படிக்கலாமா, வக்கீலுக்கா என்பதுவரை போட்டிருக்கும். கட்டணம் சில ஆயிரம்.

விரல் ரேகை தாய் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அறிவெல்லாம் அதிலேயே எழுதியிருந்தால் அப்புறம் பள்ளிக்கூடம் எதற்கு? ஃபீஸ் எதற்கு? டிஎம்ஐடிக்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019இலேயே சொல்லிவிட்டது. யார் காதில் விழுந்தது? மரத்தடியில் கிளி சீட்டெடுத்தால் மூடநம்பிக்கை. ஏசி அறையில் லேப்டாப் எடுத்துக் கொடுத்தால் நரம்பியல். கிளியாவது ஒரு நெல்லோடு கூண்டுக்குள் போய்விடும்.

அடுத்த கடை, மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன். கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை புத்தகம் வாசிக்கும். அப்பா அம்மா கைதட்டுவார்கள். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்ப்பது பிள்ளைக்குத் தெரியும். மாஸ்டருக்கும் தெரியும். பணம் கட்டியவருக்கு மட்டும் தெரியாது. இடுக்கை அடைத்தால் மேதைமை அணைந்துவிடும். கூசாமல் பொய் சொல்லப் பிள்ளைக்குப் பயிற்சி. அதற்குச் சான்றிதழ் வேறு.

மேதைமையின் நிஜமான அறிகுறிக்குக் காசு கிடையாது. "நிலா ஏம்மா நம்ம பஸ்கூடவே வருது?" என்று பிள்ளை கேட்கிறதே, அதுதான். சாப்பாட்டை மறந்து எறும்பு வரிசைக்குப் பின்னாலேயே தவழ்ந்து போகிறதே, அதுதான். வீட்டில் கிடைக்கிற பதில், "தொணதொணக்காதே." பள்ளியில், "ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்." ஆயிரக்கணக்கில் கொட்டி ஸ்கேன் செய்த அதே விரல்தான் வாய்க்குப் பூட்டு.

பள்ளிச் சேர்க்கைக்குச் சோதனை வைத்தால் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறைக்கு 50,000 வரை. ஆனால் சட்டத்தின் கணக்கில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது. பள்ளிகள் மூன்று வயதிலேயே பிள்ளையை உட்காரவைத்துக் கலரும் ஷேப்பும் கேட்டு முடித்துவிடுகின்றன. சட்டம் வந்து சேர்வதற்குள் பிள்ளை ஒன்றாம் வகுப்பு.

தமிழக அரசாங்கம்? 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி திறந்தது. 2022இல் ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை என்றது. ஊர் கத்தியதும் உண்டு என்றது. தற்காலிகமாகச் சிறப்பாசிரியர்களை எடுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளையின் நிலாவுக்கும் எறும்புக்கும் பதில் சொல்ல வேண்டிய அந்த ஆசிரியைக்கு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம் என்றது. அந்தப் பணத்தில் அவர் பெற்ற பிள்ளையை எந்தத் தனியார் பள்ளி எல்கேஜியில் சேர்ப்பார் என்று மட்டும் எந்த அரசாணையிலும் இல்லை.