நின்றால் கெடும்: ஓடும் வண்டியின் ஃபிரிட்ஜ் குறித்த ஓர் ஆய்வு

வண்டிக்குள் ஃபிரிட்ஜ் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களிடம், வழியில் பெட்டி குளிராமல் போனதற்குக் காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: சாலை. பள்ளம், வேகத்தடை, டிரைவரின் கால், இவற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரிந்த பாலைக் கொட்டப் போய்விடுவார்கள். இந்தப் பழி ஆதாரமற்றது என்பதே இக்கட்டுரையின் துணிபு. பயணத்தில் ஃபிரிட்ஜைக் கெடுப்பது ஓட்டமன்று, தங்கல். சக்கரம் உருளும்வரை பெட்டிக்குப் பெரிய குறை எதுவும் வருவதில்லை. வண்டி ஓரங்கட்டிய பிறகுதான் அதன் சீக்கு ஆரம்பிக்கிறது. இதை நிறுவுவதற்குத் திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையில் உள்ள ஆதிச்சநல்லூரை ஆய்வுக்களமாகக் கொள்வோம். திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கத் தக்க இடம் அது. தாமிரபரணியின் தென்கரையில் மேடும் சரிவுமாகக் கிடக்கும் பரம்பு நிலம். ஒரு பாத்திரத்தை அசையாமல் நிறுத்துவது எப்படி என்பதை அங்கிருந்தவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்குத் தொல்லியல் சான்றும் உண்டு.

முதலில் பெட்டியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். மேல்நாட்டுப் பயண வண்டிகளில் நெடுங்காலமாக இருந்துவருவது வீட்டு ஃபிரிட்ஜின் வகையன்று. ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர் 1922-இல் உருவாக்கியதன் வழிவந்தது அது. பின்னால் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு உலகெங்கும் விற்றது. அதில் மோட்டாரும் இல்லை, கம்ப்ரஸரும் இல்லை. அடியில் ஒரு சிறு கேஸ் சுடர் எரியும். அதன் சூட்டில் தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியா ஆவியாகி மேலேறும். மேலே குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கி மறுபடி ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் தண்ணீரோடு சேர்ந்து அடுப்படிக்கே திரும்பி வரும். நெருப்பை வைத்துக் குளிர் உண்டாக்கும் இந்த வேலையில் திரவத்தைத் திருப்பிக் கொண்டுவருவது புவியீர்ப்புதான். குழாய்கள் மிக மெல்லிய சரிவில் வளைக்கப்பட்டிருக்கும், திரவம் அந்தச் சரிவில் தானாக வழிந்து வரவேண்டும். ஆகவே வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றால் திரவம் வழியாமல் ஓரிடத்தில் தேங்கும், அடுப்படி வறளும், சுடர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். துரு ஏறாமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் அந்தச் சூட்டில் கெட்டித்துக் குழாயை அடைக்கும். பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை என்பது பழைய மாடல்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சாய்வு வரம்பு. நம் சாலையோரங்களில் இதற்கு மேற்பட்ட சாய்வைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் ஓடும் வண்டியில் இந்த ஆபத்து மிகக் குறைவு. என்னை? வண்டி இடமும் வலமுமாக ஆடும்போது எந்தச் சாய்வும் நிலைப்பதில்லை. தேங்க நினைக்கும் திரவத்தை அடுத்த பள்ளமே தட்டி அனுப்பிவிடுகிறது. எந்தக் குலுக்கலைக் குற்றவாளியாகக் கூண்டில் ஏற்றினோமோ, அதுதான் இத்தனை நேரமும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் ஆதிச்சநல்லூர் நமக்குச் சாட்சியாகிறது. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஃபெடோர் யாகோர் இங்கே தோண்டிக் கிடைத்ததைத் தம்மூருக்குக் கொண்டுபோனார். அடுத்து 1899 முதல் அலெக்சாண்டர் ரியா சில ஆண்டுகள் விரிவாகத் தோண்டினார்; 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. 2023-இல் அகழ்வுக்குழியின் மேலேயே கண்ணாடி பாவிய காட்சியகம் திறக்கப்பட்டது. குனிந்து பார்க்கிறவர் கண்ணில் படுவது வாய் அகன்று அடி குவிந்த முதுமக்கள் தாழிகள். சமதரையில் வைத்தால் உருண்டுவிடும் பாத்திரம் அது. அதைச் செய்தவர்கள் நிலத்தைக் குறை சொல்லவில்லை, குழி வெட்டி இறக்கினார்கள். கடினமான பாறையைக் குடைந்து ஒவ்வொரு தாழிக்கும் தனித்தனியாக இடம் அமைத்திருந்ததை ரியா குறித்திருக்கிறார். நிற்கப் போகிற பொருளுக்கு முதலில் நிற்கும் இடத்தைச் செய்தார்கள். அதே பரம்பின் ஓரத்தில் இன்று வண்டியை நிறுத்துகிறவர், டயருக்கடியில் ஒரு பலகைத் துண்டு வைக்கவும் சோம்பிக் கண்ணாடித் தரையைப் பார்க்கப் போய்விடுகிறார். (யாகோர் பெர்லினுக்குக் கொண்டுபோனதற்கு ஈடாக அந்நகரம் ஒன்றும் தரவில்லை என்று வருந்துவோருக்கு ஒரு செய்தி: அங்கிருந்த காலத்தில்தான் ஐன்ஸ்டீன் தம் நண்பர் சிலார்டோடு சேர்ந்து, அசையும் உறுப்பே இல்லாத ஃபிரிட்ஜ் ஒன்றை வகுத்தார், அதற்கு 1930-இல் அமெரிக்காவில் காப்புரிமையும் கிடைத்தது. கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது.)

கேஸ் பெட்டி நம்மூரில் அரிது, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் பெட்டிதானே இங்கே பரவலாகக் கிடைக்கிறது, அதற்குச் சாய்வு ஒரு பொருட்டில்லையே என்று கேட்கலாம். கேட்பது சரி, ஆனால் அதுவும் நம் கட்சியையே பலப்படுத்துகிறது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும், பெட்டி எத்தனை ஆம்பியர் குடித்தாலும் கேட்பாரில்லை. எஞ்சின் அணைந்ததும் கடன்கணக்கு தொடங்குகிறது. ஓடும் நேரத்தில் 4, 5 ஆம்பியர் இழுக்கும் பெட்டி, பாதி நேரம் ஓய்ந்தாலும் ஒரு நாளில் 48 முதல் 60 ஆம்பியர்-மணி வரை தின்றுவிடும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, ஒரு பகலும் ஓர் இரவும் நின்றதுமே கையிருப்பு தீர்ந்துபோகிறது. இதன் முழு உண்மையையும் அறிந்தவர்கள் தமிழ் சினிமாக்காரர்கள். நம் மாநிலத்தில் மக்கள் அதிகம் பார்த்திருக்கும் கேரவன், படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். விடியற்காலையில் வந்து நின்றால் பேக்கப் வரை நகராது. அதனால்தான் ஜெனரேட்டர் சத்தம் இல்லாமல் அந்த வண்டியைக் காண முடிவதில்லை. நிற்பதற்கென்றே பிறந்த வண்டிக்கு நிற்பதால் வரும் செலவையும் சேர்த்தே கட்டிவிட்டார்கள். 2021-இல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிய கேரளம், வண்டிகள் தங்குவதற்கென்று கரண்டும் தண்ணீரும் உள்ள பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டது.

தங்கலின் குற்றங்களில் கரண்டைவிடக் கொடியது வெயில். பெட்டியின் முதுகுப்பக்கம் வெப்பத்தை வெளியே தள்ளும் இடம்; வண்டிச் சுவரில் அதற்குச் சல்லடைபோல் காற்றுவாய் இருக்கும். ஓடும்போது வண்டி திரும்பத் திரும்ப வெயில் படும் பக்கம் மாறும், காற்றும் வீசும். சூரியன் தெற்கே சரிந்திருக்கும் மாதங்களில் திருச்செந்தூரை நோக்கி முகம் வைத்துப் பிற்பகலில் நிறுத்தினாலோ, தென்மேற்கு வெயில் வலப்பக்கச் சுவரை மணிக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். பெட்டி அந்தப் பக்கத்தில் இருந்தால் அது உள்ளே உண்டாக்கும் குளிரும் வெளியிலிருந்து வாங்கும் சூடும் சரிக்குச் சரியாகிவிடும். நிழல் பார்த்து நிறுத்தலாமே என்றால், எந்த நிழல் என்று சொல்ல வேண்டும். வேம்பு உத்தமம். உடைமரம் பாதி நிழல். பனைமரத்து நிழலை நம்பினவன் அரைமணிக்கொரு தரம் வண்டியை நகர்த்த வேண்டும். நகர்த்துவது நல்லதுதான் என்று இக்கட்டுரை கருதினாலும், அதற்காகப் பனையைச் சிபாரிசு செய்ய முடியாது.

வெயிலுக்கு அடுத்தது கதவு. ஓடும் வண்டியில் யாரும் ஃபிரிட்ஜைத் திறப்பதில்லை; பாட்டில் காலில் விழும். நின்றதுமே ஒருவர் தண்ணீருக்கு, ஒருவர் மோருக்கு, ஒரு குழந்தை உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்க்க, எல்லோரும் திறக்கிறார்கள். 1833-இல் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடரின் சரக்காக டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு புறப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் வெப்பக் கடல்களைக் கடந்து, 100 டன் அளவுக்குக் கரையாமல் கல்கத்தாவில் இறக்கியது. காப்புப் பொருளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு மாதமும் வழியில் மோர் கேட்டு யாரும் அந்தக் கிடங்கைத் திறக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. கரையில் இறங்கி நின்ற பிறகுதான் அதற்குக் கனத்த சுவர்க் கட்டடம் வேண்டியிருந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அப்படி வந்ததுதான்.

தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்தால் இந்தத் துணிபை விளக்கவே வேண்டாம், மீன்காரர்களுக்கு அது தெரியும். பல நாள் கடலில் தங்கும் படகின் கிடங்கில் நொறுக்கிய ஐஸும் மீனுமாக அடுக்கி மூடிவிட்டால், வரும்வரை மீன் கெடுவதில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை விழுங்கும். அதற்குச் சாய்வும் தெரியாது, பேட்டரியும் வேண்டாம். மீன் தளர்வது கரையில், ஏலத்துக்குக் காத்துக் கிடக்கும் நேரத்தில். அதனால்தான் ஏலக்காரர் அவ்வளவு வேகமாகப் பேசுகிறார். நின்றால் அழுகும் என்ற இதே விதியைத் தலைகீழாகப் பயன்படுத்திக் காசாக்கிய தொழிலும் இந்தக் கரையில்தான் இருந்தது. முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பிகளைக் கரையில் குவித்து, அழுகும்வரை வெயிலில் கிடக்கவிட்டு, பிறகு அலசித்தான் முத்தைப் பொறுக்கினார்கள். ஃபிரிட்ஜ் இருந்திருந்தால் நஷ்டப்பட்டிருக்கக்கூடிய தொழில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இனி மறுப்புகள். வீடு மாற்றும்போது ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து வைத்ததும் சுவிட்ச் போடக் கூடாது, சில மணி நேரம் விட வேண்டும் என்கிறார்களே, பயணம் பெட்டியைக் கெடுக்கும் என்பதற்கு அது சான்றன்றோ என்பர். அன்று. கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடுவது பெட்டியைப் படுக்கவைப்பதால். லாரியில் நிமிர்ந்தபடியே வந்த பெட்டிக்கு அந்த அச்சம் பெரிதாக இல்லை. மண்பானை அசையாமல் நின்றுதானே தண்ணீரைக் குளிர்விக்கிறது என்பார் கூற்று இதனினும் வலியது. நிற்பது பானைதான், காற்று நிற்பதில்லை. காற்று புகாத மூலையில் வைத்த பானை வெறும் பானையாகவே இருக்கும். முற்காலத்து ஜீப்புகளின் முன்புறம் கான்வாஸ் தண்ணீர்ப்பை கட்டித் தொங்கவிட்டவர்கள், காற்று வரும்வரை காத்திராமல் தாங்களே காற்றைத் தேடி ஓடினார்கள். ஓட ஓடத் தண்ணீர் குளிர்ந்தது. எரியும் கேஸ் சுடரோடு வண்டி ஓட்டுவது ஆபத்து, பெட்ரோல் பங்கில் நுழைந்தால் என்னாவது என்ற மறுப்பு முழுக்க உண்மை. சுடரை அணைத்துச் சிலிண்டரை மூடிவிட்டு 12 வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அந்த வகைப் பெட்டி 12 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், நின்ற பிறகு மறந்தும் அதில் விடக் கூடாது.

எஞ்சியது வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து கடலுணவு ஏற்றிப் போகும் ரீஃபர் என்ற குளிர்சாதன கன்டெய்னர். நாள்கணக்கில் யார்டில் நின்றும் அது கெடுவதில்லையே? நிற்கும் இடத்திலெல்லாம் அதற்கென்று பிளக் நட்டு வைத்திருப்பது யாருடைய பயத்தால்? மேலும் ரீஃபர் சூடான சரக்கைக் குளிர்விக்கச் செய்ததன்று. முன்பே உறையவைத்து ஏற்றியதை அந்த நிலையில் காப்பது மட்டுமே அதன் வேலை. வண்டி ஃபிரிட்ஜிலும் கிளம்புவதற்கு முதல்நாள் இரவே வீட்டுக் கரண்டில் குளிரவைத்து, குளிர்ந்த பொருளையே உள்ளே வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். ஆதிச்சநல்லூரில் நிறுத்தி வாங்கிய சூடான சாம்பாரை உள்ளே வைத்துவிட்டு, அதே சாலையில் மேலே போய் ஆறுமுகநேரியில் பெட்டியைத் திட்டுவது நியாயமாகாது.

பழுது பார்க்கும் முறையும் இந்தத் துணிபிலிருந்தே வரும். மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் ஃபிரீசர் தரையில் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பிறகு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுக்க வேண்டும். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. இவற்றுக்குப் பிறகே பர்னரின் கரி, ஃபியூஸ் முதலியன. அம்மோனியா நெடியும், பின்பக்கக் குழாயில் மஞ்சள் படிவும் தெரிந்தால் மட்டும் ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சுடரை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் இறங்கிவிட வேண்டும். படிவில்லாமல் குளிர் மட்டும் நின்றுபோன பெட்டிக்கு மேல்நாட்டார் கைவைத்தியம் ஒன்று வைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கழற்றி, குப்புறக் கவிழ்த்து, சில மணி நேரம் விட்டுவிட்டு நிமிர்த்துவது, திரும்பவும் கவிழ்ப்பது. உள்ளே பிரிந்து தேங்கிய திரவம் கலந்து, சில பெட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. கழற்ற மனமில்லாதவர்கள் வண்டியோடு அதை மோசமான சாலை ஒன்றில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு வேண்டிய சாலை இந்த வட்டாரத்தில் எது என்பதை எந்த டிரைவரும் சொல்வார்.