182 நாள் மாமா

திருப்பூரில் தெருவுக்கு ஒரு டாக்கா மாமா உண்டு. உள்ளூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகத் தொடங்கி, புரொடக்‌ஷன் மேனேஜராகி, நாராயண்கஞ்சுக்கு விமானம் ஏறியவர். வங்கதேச பனியனுக்கு ஐரோப்பாவில் சுங்க வரி இல்லை. ஆர்டர் அந்தப் பக்கம் போனது, பின்னாலேயே மாமாவும் போனார்.

ஊருக்கு வந்தவரிடம் “எப்பங்க வந்தீங்க?” என்று யாராவது கேட்டால் போதும். “ஏப்ரல்லருந்து இன்னியோட 97 நாளுங்க” என்பார். பாஸ்போர்ட் முத்திரைகள் அத்தனையும் செல்போனில் படமாக இருக்கும். இறங்கிய நாள், ஏறிய நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணச் சொல்லியிருக்கிறார் ஆடிட்டர்.

நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், வருமான வரிக்கு அவர் உள்ளூர்க்காரர்; டாக்கா சம்பளத்துக்கும் இங்கே கணக்குக் கேட்கலாம். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு மட்டும் 2020-இல் அந்த வரம்பை 120 நாளாகக் குறைத்தார்கள். மாமாவின் லைன் வீட்டு வாடகையும் வட்டியும் சேர்ந்தாலும் 15 லட்சத்தின் வாசலை எட்டாது. ஆனாலும் டீக்கடையில், “நமக்கெல்லாம் 120 தானுங்க” என்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கு வரி கிடையாது.

கொரோனா கதையை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஊருக்கு வந்து ஊரடங்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, 2020 மார்ச் 22 முதல் 31 வரையிலான நாட்களை எண்ண வேண்டாம் என்று வரித்துறை சுற்றறிக்கை விட்டது. “கவர்மெண்டே பத்து நாளைத் தள்ளுபடி பண்ணுச்சுங்க!” என்பார், ஆடித் தள்ளுபடியில் வேட்டி எடுத்தவர் போல.

வங்கிக்கு நாள் கணக்கு வேண்டாம். வேலைக்கென்று வெளிநாடு கிளம்பியதுமே, அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவர் வெளிநாட்டுவாசி. பழைய சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. ஆனது, அதன் வட்டியில் செஸ்ஸோடு 31.2 சதவீதம் பிடிக்கிறார்கள். சம்பளம் விழும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு வரி இல்லை. “ஒரே பேங்க், ஒரே ஆளு, ஒண்ணுல வெட்டு, ஒண்ணுல விடுதலை” என்று மேனேஜருக்கே பாடம் எடுப்பார்.

கொங்கு நாட்டுக்காரருக்குத் தாங்காத அடி வேறொன்று. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம். காசு கொடுத்து வாங்கக் கூடாது. காங்கேயம் பக்கம் பார்த்து வைத்திருந்த தோட்டத்தை உள்ளூரிலேயே இருக்கும் அத்தை பேரில் பத்திரம் பண்ணினார்கள். இப்போது தென்னைக்கு உரம் வைப்பதென்றாலும் மாமா உரிமையாளரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

பாங்காக் போன கூட்டாளியின் பாடு இன்னும் மோசம். தங்கியிருக்கும் முகவரியை 90 நாளுக்கு ஒருமுறை குடியேற்றத் துறைக்குச் சொல்ல வேண்டும். ஆண்டில் 180 நாள் ஆனால் தாய்லாந்து வரிக்கு அவர் அந்த ஊர்க்காரர். 2024 முதல் ஈட்டும் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக் கணக்கில் சேரும். அங்கே ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. இருவரும் போனில் பேசினால் நலம் விசாரிப்பு இருக்காது. இரண்டு காலண்டர்கள் மோதிக்கொள்ளும்.

போன வருசம் தங்கச்சி மகன் கல்யாணத்துக்கு மார்ச் 28 முகூர்த்தம் குறித்தார்கள். மாமாவின் கணக்கில் மிச்சம் இருந்தது இரண்டே நாள்.

“ஏப்ரல் மொத வாரத்துல வெக்கக் கூடாதா கண்ணு?”

“ஏனுங்ணா, பொண்ணு வீட்டுல என்ன காரணம்னு சொல்றது?”

“நிதியாண்டுன்னு சொல்லு.”

தங்கச்சி போனை வைத்துவிட்டாள். மாமா 28-ஆம் தேதி காலை கோவையில் இறங்கி, தாய்மாமன் சீரை முடித்து, பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்து, மறுநாள் விமானத்துக்குப் பெட்டி கட்டப் போய்விட்டார்.