கலக்கல்காரர்

சரக்கடிப்பவரைப் பற்றி நம் ஊரில் போதுமான அளவுக்கு எழுதியாகிவிட்டது. டாஸ்மாக் வாசலில் கட்டிங்குக்குக் கூட்டாளி தேடுகிறவர், ராவாக அடித்துவிட்டு ரோட்டோரம் மட்டையாகிறவர், மூன்றாவது ரவுண்டில் முதல் காதலைச் சொல்லி அழுகிறவர் என்று எல்லோரையும் சினிமாவில் பார்த்தாயிற்று. ஓ.எம்.ஆர். அடுக்ககங்களின் மேல்மாடிகளில் சில வருடங்களாகப் பெருகிவரும் ஒருவரை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. இவரும் மதுப்பிரியர்தான். என்ன, குடிக்க இவருக்கு நேரம் கிடைப்பதில்லை. கலக்கிக்கொண்டே இருப்பார். வசதிக்காக இவரைக் கலக்கல்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

கலக்கல்காரருக்கு வயது நாற்பதைத் தொட்டிருக்கும். ஐ.டி.யில் மேனேஜர். ஆன்சைட் போன ஊரில், ஒரு பாரில், கையெல்லாம் பச்சை குத்திய இளைஞன் ஆரஞ்சுத் தோலை நெருப்பில் காட்டி கிளாஸுக்குள் போட்டதைப் பார்த்திருப்பார். அன்று பிடித்தது. அதுவரை ஃப்ரிட்ஜைத் திறக்க மட்டுமே சமையலறைப் பக்கம் போய்வந்தவர், ஊர் திரும்பும்போது பெட்டியில் ஒரு ஷேக்கர், இரண்டு பக்கமும் குழியுள்ள அளவுக்கிண்ணம், ஸ்பிரிங் சுற்றிய வடிகட்டி, முறுக்கிய கம்பியில் முழ நீளக் கரண்டி எல்லாம் கொண்டுவந்தார். அந்தக் கரண்டியைக் கண்டதும் மாமியார் ஆவக்காய் ஜாடிக்கென்று எடுத்து வைத்துவிட்டார். அடியாழம் வரை எட்டுகிற கரண்டி அந்த வீட்டில் அதுவரை இருந்ததில்லை. இப்போது விருந்து நாட்களில் கரண்டியைக் கழுவி வாங்குவதே தனி வேலை.

முந்தைய தலைமுறையில் பாட்டிலுக்கு உரிய இடம் பீரோ. அதுவும் ரிட்டயர்டான மிலிட்டரிக்காரர் யாராவது தயவு வைத்தால் வரும் ரம் பாட்டில், வேட்டிகளுக்கு அடியில் படுத்திருக்கும். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிவைத்த மதுவிலக்கை 1971-இல் கருணாநிதி தளர்த்தினார் என்பது சரித்திரம். நடுத்தர வர்க்கத்துப் பீரோக்களுக்கு அந்தத் தளர்வு வந்துசேர மேலும் பல வருடங்கள் பிடித்தன. கலக்கல்காரர்தான் பாட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்தவர். டி.வி.க்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரி, உள்ளே எல்.இ.டி. விளக்கு. சொந்த அப்பா ஊரிலிருந்து வரும் நாட்களில் அதன்மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்துவார். பெட்ஷீட்டுக்குள்ளே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டே செய்தி கேட்பார்; ஒன்றும் கேட்க மாட்டார்.

எலைட் கடையில் சுலபமாகக் கிடைக்கும் எதுவும் இவருக்கு ருசிக்காது. வெர்மூத், கேம்பாரி என்று, கடைக்காரரே இரண்டு தடவை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கும் சரக்குகளில்தான் காதல். ஆகவே தெரிந்தவர் யார் வெளிநாடு போனாலும் விமானம் கிளம்புமுன் இவருக்குத் தகவல் வந்துவிடும். திரும்பிவரும் பயணி தலைக்கு 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம் என்கிற சுங்க விதி ஒன்றுதான் இவர் முழுமையாகப் படித்த இந்தியச் சட்டம். குடும்பத்தோடு சிங்கப்பூர் போனபோது மாமியாரையும் வற்புறுத்தி அழைத்துப்போனார். “தங்கமான மாப்ள” என்று அந்த அம்மாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். திரும்பும்போது, வாழ்நாளில் கோலி சோடாவைத் தாண்டி எதையும் குடித்தறியாத அவர், நெற்றியில் விபூதியும் கையில் 2 லிட்டருமாகச் சென்னை விமான நிலையத்தில் நடந்துவந்தார். பேரனுக்கு வாங்கிய சாக்லேட் பையைத்தான் மாப்பிள்ளை தூக்கிவந்தார்.

இப்படித் தவமிருந்து வாங்கிய வெர்மூத்தை என்ன செய்வார் என்று பாருங்கள். வெர்மூத் என்பது மூலிகைகளை ஊறப்போட்டு, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து உரமேற்றிய ஒயின். பெரும்பாலும் 16 முதல் 18 சதவீதம் ஆல்கஹால். விஸ்கியும் ரம்மும் திறந்த பிறகும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஒயின் சாதிக்காரரான இதனால் முடியாது. மூடி திறந்துவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இதெல்லாம் கலக்கல்காரருக்கு அத்துப்படி. வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். அவருடைய வெர்மூத் மட்டும் திறந்து மூன்று வருடமாகியும் அலமாரியில்தான் நிற்கிறது. லேபிள் அழகாக இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? நெக்ரோனிக்கு ஜின், கேம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம பங்கு. இவர் வீட்டு நெக்ரோனியில் மூன்றாவது பங்கு, காடியாக மாறும் வழியில் பாதி தூரம் போயிருக்கும். குடித்தவர் முகம் சுளித்தால், “அந்தக் கசப்புதான் ஜி அதோட கேரக்டர்” என்பார்.

விருந்து சனிக்கிழமை ஏழு மணிக்கு. ஏழே காலுக்கு நான்கு நண்பர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதல் கிளாஸ் எட்டு மணிக்குமுன் வந்ததாகச் சரித்திரம் இல்லை. நடுவே இருக்கும் நேரத்தைக் கலக்கல்காரர் வீணாக்க மாட்டார். “நீங்க இத்தனை நாள் குடிச்சது விஸ்கியே இல்ல, தெரியுமா?” என்று தொடங்குவார். அதில் உண்மை இருக்கிறது. நம் நாட்டில் விற்கும் மலிவு விஸ்கிகளில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையின் மொலாசஸிலிருந்து காய்ச்சிய ஸ்பிரிட்டை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பாவில் தானியத்திலிருந்து காய்ச்சினால்தான் விஸ்கி என்ற பெயரையே வைக்க விடுவார்கள். அடுத்து லேபிளைத் திருப்பிக் காட்டுவார். 42.8 சதவீதம், 25 யு.பி. என்றிருக்கும். உத்தரப் பிரதேசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய பிரிட்டிஷ் கணக்கில் 57.1 சதவீதம் என்பது நூறு டிகிரி, அதிலிருந்து 25 டிகிரி குறைவு என்பதுதான் அர்த்தம். வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடமாகியும் நம் குவாட்டரில் அவன் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று முடிக்கும்போது இவருடைய கண்கள் பளபளக்கும். நண்பர்களுடைய கண்கள் அந்தப் பாட்டிலின்மேல் இருக்கும்.

சரக்கைத் தேர்ந்தெடுப்பதில் இவர் சொல்லும் புத்தியைக் கேட்கலாம், தப்பில்லை. எலுமிச்சையும் பாகும் விழப்போகும் கிளாஸில் விலையுயர்ந்த சிங்கிள் மால்ட்டை ஊற்றுவது பாவம் என்பார். டானிக்கோடு சேர்க்க கோவாவில் காய்ச்சும் நம் நாட்டு ஜின்களே போதும் என்பார். அதுவும் சரி. 2017 வாக்கில் இரண்டொரு சின்ன வடிசாலைகள் தொடங்கிவைத்த அந்த அலையில் இன்று நல்ல ஜின்கள் நிறைய வந்துவிட்டன. டானிக் பாட்டிலைத் திறந்தால் இன்னொரு கதையும் வரும். குயினைனுக்காக 1860களில் நீலகிரியில் சின்கோனா மரம் நட்டார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் போட்டார்கள். “டானிக்னா நம்ம ஊட்டி சமாச்சாரம் மச்சான்” என்று பெருமைப்படுவார். இன்றைய டானிக்கில் இருக்கும் துளி குயினைனை நம்பி மலேரியாவை எதிர்க்க வேண்டுமானால் குடித்தே செத்துவிடுவோம். அந்தப் பகுதியை அவர் சொல்வதில்லை.

இவருடைய பெரிய பலவீனம் ஐஸ். கண்ணாடி மாதிரி ஐஸ் வேண்டும். சாதாரண டிரேயில் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உறைவதால், தண்ணீரிலிருக்கும் காற்றும் உப்பும் நடுவில் மாட்டிக்கொண்டு வெண்மையாகிவிடும். மூடியில்லாத தெர்மகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் மேலிருந்து கீழாக மட்டும் உறையும். அழுக்கெல்லாம் அடியில் ஒதுங்கும். சரியான நேரத்தில் எடுத்து அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிடலாம். விஞ்ஞானம் சரிதான். அந்தப் பெட்டி ஃப்ரீசருக்குள் போக, பச்சைப் பட்டாணியும், துருவிவைத்த தேங்காயும், பிள்ளையின் ஐஸ்க்ரீமும் வெளியேற வேண்டியிருக்கிறது. வெளியேறியவை பக்கத்து ஃப்ளாட் ஃப்ரீசரில் தஞ்சம் புகுந்திருக்கின்றன. இவரோ அதற்குள் 1842-க்குப் போய்விடுவார். பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி மாதக்கணக்கில் பயணம் செய்து மெட்ராஸுக்குக் கொண்டுவந்தான் டியூடர் என்ற வியாபாரி. அதைச் சேமிக்க அவன் கட்டியதுதான் கடற்கரையிலிருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். “பாஸ்டன்லேர்ந்து ஐஸ் கட்டி மெட்ராஸுக்கு வந்திருக்கு” என்று இவர் வியப்பார். “ஹால்லேர்ந்து கிச்சனுக்கு நீ எப்படா போவ?” என்பார் நண்பர்களில் ஒருவர்.

கடைசியில் கலக்கத் தொடங்குவார். அதற்கும் ஆகமம் உண்டு. சரக்குகள் மட்டும் சேரும் பானத்தைக் கரண்டியால் கிளற வேண்டும். எலுமிச்சைச் சாறோ முட்டை வெள்ளையோ சேர்ந்தால்தான் ஷேக்கரில் குலுக்க வேண்டும். குலுக்கும்போது முகம் உக்கிரமாகிவிடும். கீழ்வீட்டுக்காரர் மேலே பார்ப்பார். விஸ்கி சவருக்கு நுரை கட்ட முட்டையின் வெள்ளைக்கரு வேண்டும். இவர் வீட்டில் முட்டை நுழையாது. பாட்டில் நுழையலாம், முட்டை நுழையக்கூடாது என்பது அந்த வீட்டு ஆசாரம். அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் முட்டை வெள்ளையைப் போலவே நுரைக்கும் என்று 2014-இல் பிரான்ஸில் ஒருவர் கண்டறிந்து சொன்னது உலகமெங்கும் பரவியது. அந்த நாளிலிருந்து நவராத்திரி வந்தால் இவருக்குப் பக்தி பெருகும். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் வெள்ளைக் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று விசாரித்து, “தண்ணியக் கொட்டிராதீங்க மாமி” என்று பாத்திரத்தோடு போய் நிற்பார். “ரசத்துக்கா? பரவால்லையே, இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆம்பளயா!” என்று மாமிகள் நெகிழ்கிறார்கள்.

நெகிழாதவர் மனைவி ஒருவர்தான். கணவர் சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துப் பாகு காய்ச்சுகிறார், எலுமிச்சை பிழிகிறார், புதினா ஆய்கிறார், இஞ்சி தட்டுகிறார், 22.5 மில்லி என்று அரை மில்லிகூடப் பிசகாமல் அளந்து, டீ வடிகட்டியில் இரண்டாம் முறை வடிக்கிறார். “இதுக்குப் பேரு சமையல்ங்க. பதினஞ்சு வருஷமா நான் செய்யறது இதுதான். என்ன, நான் செஞ்சா அதுக்குக் கதை சொல்றதில்ல” என்றார் ஒருநாள். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. இந்த மனிதர் உண்மையில் ஒரு நல்ல தவசிப்பிள்ளை. அடுப்பங்கரைக்குள் நேராக நுழைய ஆண்மை இடம்கொடுக்காததால் பார் வழியாகச் சுற்றிவந்து நுழைந்திருக்கிறார். போதைகூட அவருக்குச் செய்முறையில்தான். ராத்திரி பதினொரு மணிக்கு அங்கே அசல் நிதானத்தோடு இருப்பவர் அவர் ஒருவரே. பாத்திரங்களை மறுநாள் யார் கழுவுவது என்ற பேச்சு வரும்போது மட்டும் திடீரென்று தலை சுற்றுகிறது என்பார்.

மதுரையிலிருந்து பெரியப்பா வந்திருந்தபோது இவருக்கு ஒரு சோதனை. அகலமான கிளாஸில், ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டியும் ஆரஞ்சுத் தோலுமாக நெக்ரோனியை நீட்டினார். பெரியப்பா கிளாஸைத் தூக்கி விளக்கில் பார்த்தார். “ஏம்ப்பா, இதுல சரக்கு எங்கிட்டு இருக்கு?” ஒரு வாய் குடித்தார். “நிலவேம்புக் கஷாயம் காய்ச்ச நேரத்துல ஆஸ்பத்திரியிலயே ஃப்ரீயா ஊத்துனாய்ங்களே. இதுக்கா இம்புட்டு நேரம்?” பிறகு தான் கொண்டுவந்திருந்த பிராந்தியை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். கலக்கல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அங்கேதான் எனக்கு அவர்மேல் வருத்தம். தமிழ்நாடு பிராந்திக்காரர்களின் நாடு. காக்டெய்ல் உலகின் பழைய பெருந்தலைகளில் பல பிராந்தியில் பிறந்தவை. சைட்கார் என்பதே பிராந்தியும் ஆரஞ்சு மதுவும் எலுமிச்சையும்தான். நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையை அறுத்து, ஒரு சுமாரான பிராந்தியில் பெரியப்பாவுக்கென்று ஒன்று கலக்கியிருந்தால் மனிதர் மதுரை வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே போயிருப்பார். இவருக்கோ பிராந்தி என்றாலே கௌரவக் குறைச்சல்.

அலமாரியில் இன்னொரு பாட்டிலும் உண்டு: ஆங்கோஸ்டுரா பிட்டர்ஸ். பாட்டில் சின்னது, லேபிள் பெரியது. சட்டைக் காலர் தூக்கிவிட்டுக்கொண்டு கழுத்துவரை நிற்கும். 1824-இல் வெனிசுவேலாவில் ஒரு ஜெர்மன் ராணுவ டாக்டர் வயிற்றுக்கோளாறுக்காகக் காய்ச்சிய மருந்து அது. இப்போது டிரினிடாடிலிருந்து வருகிறது. ஒரு கிளாஸுக்கு இரண்டு சொட்டு போதும் என்பதால் பேரன் காலம்வரை வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். விருந்தினருக்கு அவர் சொன்ன வயிற்றுக்கோளாறுக் கதை சமையலறையில் இருந்த மாமியார் காதில் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் அஜீரணம் என்று சோடாவில் நாலு சொட்டு விட்டுக் குடித்திருக்கிறார். “வயித்துக்கு நல்லா கேக்குது மாப்ள.” பிறகு சொட்டு என்பது மூடியளவாயிற்று. அந்த லேபிளில் பொடி எழுத்தில் 44.7 சதவீதம் என்று போட்டிருப்பதை, குவாட்டரைவிடக் கூடுதல் என்பதை, மாப்பிள்ளை வாய்திறந்து சொல்லவில்லை. சொன்னால் மனைவி காதுக்கும் போகும்.

இப்போது கலக்கல்காரரின் கவனம் பீப்பாய்க்குத் திரும்பியிருக்கிறது. சின்ன ஓக் பீப்பாய், அடியில் மரக்குழாய். அதில் நெக்ரோனியை நிரப்பிப் பரணில் ஏற்றி, அக்னி நட்சத்திரத்தில் பழுக்கப் போட்டார். மூன்று மாதம் கழித்து இறக்கிப் பார்த்தால் பாதிக்குப் பாதி காணோம். இவர் கலங்கவில்லை. ஸ்காட்லாந்துக் கிடங்குகளில் வருடத்துக்கு 2 சதவீதம்தான் ஆவியாகும். பெங்களூரில் அம்ருத் விஸ்கி பழுக்கும் இடத்திலேயே 10 சதவீதத்துக்குமேல் போய்விடுகிறது. அப்படியிருக்கச் சென்னை வெயிலில், இத்தனை சின்னப் பீப்பாயில், மரத்தின் பரப்பு அதிகம், ஆவியாவதும் அதிகம் என்று மனைவிக்கு ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி நம்புவதாகத் தெரியவில்லை.

“மாப்ள சொல்றது சரிதான்டி” என்றார் மாமியார், பாயில் படுத்தபடியே. “இந்த ஊர் வெயிலுக்கு எதுதான் தங்குது? அடுத்த தடவை கொஞ்சம் பெரிய பீப்பாயா வாங்குங்க மாப்ள.”